பெட்டியைப் புதுப்பித்தேன், ஊரே அரைப்புள்ளி ஆனது

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினியை எடைக்குப் போடாமல் புதுப்பித்துக்கொள்வது எப்படி என்று உங்கள் நாளிதழில் போன வாரம் ஒரு கட்டுரை வந்திருந்தது. எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகம் போடுங்கள், ரேமைக் கூட்டுங்கள், புது விண்டோஸ் ஏற்றுங்கள், கணினி பறக்கும் என்று முடித்திருந்தார்கள். பொய் இல்லை. என்னுடையதும் பறக்கத்தான் செய்கிறது. ஆனால் பறக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒன்றரை மாதம் அதில் என் பட்டியலைப் படிக்க முடியவில்லை. அந்தக் கட்டுரையில் எழுத்துரு என்ற சொல் ஓர் இடத்தில்கூட வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் நீளம். கணக்குப்பிள்ளைக்குச் சுருக்கி எழுத வராது. வரவும் செலவும் வரிசையாக வந்தாக வேண்டும்.

நான் பள்ளத்தூர் பக்கத்தில் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்குப் பார்க்கிறேன். வயது 66. என் தகப்பனாரும் இதே வீட்டில்தான் பேரேடு எழுதினார். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று இந்தத் தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வரும் வீடு. குடியிருப்பது ஆச்சி ஒருவர்தான். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். காலையும் மாலையும் நான் போய்ப் பெட்டியடியில் உட்கார்ந்தால் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். பெட்டியடி என்று பழக்கத்தில் சொல்கிறேன். கைப்பெட்டி இருந்த இடத்தில் 2012-லிருந்து கணினி இருக்கிறது.

அதில் வீட்டுக் கணக்கு மட்டும் இல்லை. எங்கள் ஊர் நகரச் சிவன் கோயில் புள்ளிப் பட்டியலும் என் பொறுப்பு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நகரத்தாரில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. இருவரில் ஒருவர் காலமாகிவிட்டால் இருப்பவர் அரைப்புள்ளி. கோயில் வரி போடுவது இந்தப் புள்ளிக் கணக்கில்தான். எங்கள் ஊருக்கு 400 சொச்சம் புள்ளி, பாதிப் பேர் கடல் தாண்டி. யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, யார் தவறிப்போனார் என்று மாதாமாதம் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். 13 வருஷம் எக்செலில் திருத்தியிருக்கிறேன், அவ்வளவும் பாமினி எழுத்துருவில். நான் தமிழ் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவன். பாமினியின் விசை வரிசை பழைய தட்டச்சுப்பொறிக்கு ரொம்பத் தூரம் இல்லை, விரல் தானாக ஓடும்.

கணினி, இன்டெல் ஐ3 இரண்டாம் தலைமுறை. 2 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், பதினெட்டரை அங்குல மானிட்டர், விண்டோஸ் 7. அந்த விண்டோஸுக்கு 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவு முடிந்தது. அப்போது நான் அசையவில்லை. 2023 பிப்ரவரியில் வந்த குரோம் 110 விண்டோஸ் 7-ல் ஓடாது என்றார்கள். அப்போதும் அசையவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு தளமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடைசியில் வங்கிப் பக்கமே திறக்க மறுத்தபோதுதான் வழிக்கு வந்தேன். வேகமும் போய்விட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டு, இரண்டாம் கட்டு வரை போய் ஆச்சி கொடுக்கும் காப்பியைக் குடித்து, ஊர் நியாயம் பேசிவிட்டுத் திரும்பினாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

2025 ஆடியில் காரைக்குடியில் ஒரு கடையில் கொடுத்தேன். "ஆடியில எதையும் புதுசாத் தொடங்க வேண்டாம் கணக்குப்பிள்ளை" என்றார்கள் ஆச்சி. "இது புதுசு இல்லை ஆச்சி, பழசுதானே" என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்த வாய்க்கொழுப்புக்கு நன்றாக அனுபவித்தேன்.

240 ஜிபி எஸ்.எஸ்.டி. 1,750 ரூபாய். பழைய 4 ஜிபி ரேம் இரண்டு 1,300. வேலைக்கூலி 800. ஆக 3,850. விண்டோஸ் 11 இந்தக் கணினியில் ஏறாது, அதற்கு எட்டாம் தலைமுறைச் சில்லும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்று கடைத் தம்பி சொன்னார். அது உண்மைதான். அதனால் விண்டோஸ் 10. அந்த 10-க்கும் அதே வருஷம் அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடியப்போகிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

"ஃபைலெல்லாம் பத்திரம் தம்பி" என்றேன். "ஒண்ணு விடாம எடுத்து வச்சிடுறேன் ஐயா" என்றார். சொன்னபடி செய்தார். டி டிரைவில் இருந்த ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை. சி டிரைவைத் துடைத்து, பழைய ஹார்டு டிஸ்க்கை ஃபைல் போட்டு வைக்கிற கிடங்காக மாற்றிக் கொடுத்தார். துடைத்ததோடு என்ன போயிற்று என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டால் திரை இருட்டு. நோ சிக்னல் என்று ஒரு சின்னப் பெட்டி இங்கும் அங்கும் மிதக்கிறது. உள்ளே மின்விசிறி ஓடுகிறது. கடைக்குப் போன் போட்டால் கேபிளை அழுத்திப் பாருங்கள் என்றார்கள். அழுத்தினேன், ஒன்றும் இல்லை. என் தங்கை மகள் கணினி அறிவியல் படிக்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். "மாமா, பெட்டிக்குள்ள பீப் பீப்னு சத்தம் வருதா?" என்றாள். காதை வைத்துக் கேட்டேன், வந்தது. "அப்ப மானிட்டரைத் தொடாதீங்க. ரேம் நழுவியிருக்கும்."

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊர்ச் சாலையில் ரேம் நழுவாமல் இருந்தால்தான் அதிசயம். பிளக்கைப் பிடுங்கி, பக்கத்துத் தகட்டைக் கழற்றி, முதலில் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டேன். கையில் இருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடுமாம். இரண்டு ரேமையும் எடுத்து, அந்தப் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கத்துக் கவ்வியும் 'டக்' என்று விழும்வரை அழுத்தினேன். பாதி பேர் அந்த 'டக்' கேட்கும்முன் பயந்து கையை எடுத்துவிடுகிறார்கள் என்பது மருமகள் கணக்கு. திரை வந்துவிட்டது.

வந்தது சரி, கோலம்தான் சரியில்லை. எழுத்தெல்லாம் தடித்துப் பரந்து கிடந்தது. இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். எங்கள் வளவுத் தளத்து ஆத்தங்குடிக் கல்லைப் படம் எடுத்துத் திரையின் பின்னணியாக வைத்திருப்பேன். நடுவில் சிவப்பு வட்டம், சுற்றி எட்டு இதழ். படத்தை மறுபடி வைத்துப் பார்த்தால் வட்டம் முட்டையாக இருக்கிறது. குனிந்து தரையைப் பார்த்தேன், வட்டம். நிமிர்ந்து திரையைப் பார்த்தேன், முட்டை. அளவு மாற்றப் போனால் 1024-க்கு 768 என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் தேர்ந்தெடுக்க விடவில்லை. பதினெட்டரை அங்குல மானிட்டரின் சொந்த அளவு 1366-க்கு 768. சதுரத்துக்குப் பக்கமான படத்தை அகலத் திரையில் இழுத்து மாட்டினால் வட்டம் முட்டை ஆகாமல் என்ன செய்யும்?

கடையில் கேட்டேன். "மானிட்டர் பழசு ஐயா, புது விண்டோஸுக்கு ஒத்து வராது. 6,500-க்கு நல்லதா ஒண்ணு தர்றேன்" என்றார்கள். கிட்டத்தட்டச் சரி என்றிருப்பேன். அன்றைக்கு மருமகள் வருவதாகச் சொல்லியிருந்ததால் தப்பித்தேன்.

அவள் ஒரு பென்டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டு வந்தாள். கணினிக்குள் எதையும் பதியாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் வித்தை. அதில் திரையைத் திறந்தாள். ஊசி மாதிரி எழுத்து, 1366-க்கு 768, வட்டம் வட்டமாக. அதே மானிட்டர், அதே கேபிள், அதே பெட்டி. "பார்த்தீங்களா மாமா? கண்ணாடி கெட்டுப்போகலை. படம் வரையிறவனுக்கு இந்தச் சில்லோட பாஷை தெரியலை, அவ்வளவுதான்."

மறுபடி விண்டோஸுக்குள் போய், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தை விரித்துக் காட்டினாள். இன்டெல் என்று இருக்க வேண்டிய இடத்தில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தது. சரியான டிரைவர், அதாவது அந்தச் சில்லோடு பேசத் தெரிந்த மென்பொருள், கிடைக்காதபோது விண்டோஸ் தற்காலிகமாக உட்காரவைக்கும் ஆள் அது. முதலாளி ஊரில் இல்லாதபோது கடையைத் திறந்து வைத்திருக்கும் பையன் மாதிரி. கடை திறந்திருக்கும், வியாபாரம் நடக்காது. இரண்டாம் தலைமுறை இன்டெல் கிராஃபிக்ஸுக்கு விண்டோஸ் 10-க்கென்று தனி டிரைவர் கிடையாது. முந்தைய விண்டோஸுக்கு எழுதியது இதிலும் ஓடும். விண்டோஸ் அப்டேட்டே பெரும்பாலும் அதைத் தேடிக் கொண்டுவந்துவிடும். அதற்கு இணையம் வேண்டும். என் வைஃபை டாங்கிளுக்கும் டிரைவர் இல்லாமல் போயிருந்தது. மருமகள் தன் போனைக் கேபிளில் செருகி, யு.எஸ்.பி. டெதரிங்கைப் போட்டாள். போனே மோடம் ஆயிற்று.

அப்டேட் ஓடவில்லை. எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று சிவப்பு எச்சரிக்கை. அரை மணி நேரம் இரண்டு பேரும் விழித்தோம். கடைசியில் திரையின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தது நான்தான். தேதி பார்க்காமல் எதையும் தொடாதது என் தொழில். 2012 ஜனவரி 1. தாய்ப்பலகையில் கடிகாரத்துக்கு ஒரு பொத்தான் செல் இருக்கிறது, சி.ஆர். 2032 என்று எண். 13 வருஷத்துச் செல், கடையில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்ததில் உயிரை விட்டிருக்கிறது. இணையத் தளங்கள் காட்டும் சான்றிதழுக்கு இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று ஆயுள் உண்டு. 2012-ல் இருக்கும் கணினிக்கு 2025-ல் கொடுத்த சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, எப்படி நம்பும்? தேதியைத் திருத்தினோம். இடி மின்னலுக்குப் பயந்து இரவில் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது என் வழக்கம், ஆகவே மறுநாள் காலை மறுபடியும் 2012. 40 ரூபாய்க்குப் புதுச் செல் வாங்கிப் போட்ட பிறகு ஓய்ந்தது.

தேதி சரியானதும் அப்டேட் ஓட ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் கழித்துத் திரை இரண்டு விநாடி கறுத்து, மறுபடி வெளுத்தது. முட்டை வட்டமாகிவிட்டது. 6,500 ரூபாய் மானிட்டர் வேலையை ஒரு போன் கேபிள் முடித்தது.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் கோயிலிலிருந்து ஆள் வந்தார். குடமுழுக்கு வரி போடப் புள்ளிப் பட்டியல் வேண்டும். எக்செலைத் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்து இல்லை. வரிக்கு வரி ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. வைரஸ் என்று நினைத்து முதுகு வேர்த்துவிட்டது.

வைரஸ் இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி உள்ளே வைத்திருப்பது தமிழ் இல்லை, ஆங்கில எழுத்துதான். எம் என்ற ஆங்கில எழுத்துக்கு 'அ' உருவம் மாட்டியிருப்பார்கள், கே-க்கு 'ம', எச்-க்குத் துணைக்கால். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறி. நாம் 'அம்மா' என்று அடித்தால் கணினி எழுதிக்கொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இருக்கும்வரை அம்மா. எழுத்துரு போய்விட்டால் அம்மா இல்லை. சி டிரைவில் விண்டோஸ் என்ற அடைவுக்குள் ஃபான்ட்ஸ் என்ற அடைவில் அது இருந்தது. துடைத்தபோது போனது அதுதான். 'இ'க்குக் காற்புள்ளி என்பதால் இராமநாதன்களும் இலட்சுமணன்களும் காற்புள்ளியில் தொடங்கி நின்றார்கள்.

ஆச்சி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "என்ன இது, எழுத்துக்கு எழுத்து ஒரு புள்ளியும் வாலுமா இருக்கு?" என்றார்கள். "அதுக்குப் பேரு அரைப்புள்ளி ஆச்சி" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆச்சியின் கணவர் ஐயா தவறி ஆறு வருஷம் ஆகிறது. ஆச்சி ஒரு நிமிஷம் திரையையே பார்த்தார்கள். "ஊரையே அரைப்புள்ளி ஆக்கிட்டீங்களா? அப்ப இந்தப் பட்டியல்ல என் பேரு ஒண்ணுதான் சரியா இருக்குன்னு சொல்லுங்க" என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மருமகளுக்குப் பாமினி என்ற பெயரே தெரியாது. அவள் பிறந்து வளர்ந்தது ஒருங்குறிக் காலம், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கணினி வைத்துக்கொள்ளும் யூனிகோட் காலம். ஆனால் வழி கண்டுபிடித்தவள் அவள்தான். குப்பையாகத் தெரியும் எழுத்தின் மேல் சொடுக்கினால், மேலே எழுத்துரு பெட்டியில் பழைய பெயர் அப்படியே நிற்கும். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயரை வேர்டும் எக்செலும் மறப்பதில்லை. வீடு இடிந்தாலும் பட்டா பெயரில் இருக்கிற மாதிரி. என் பட்டியலில் சொடுக்கினால் பாமினி என்று வந்தது. அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இறக்கி, இருமுறை சொடுக்கி, இன்ஸ்டால் என்றதும் 400 புள்ளியும் ஒரே நொடியில் எழுந்து உட்கார்ந்தார்கள்.

கோயில் அறிவிப்புகளும் அழைப்பிதழ்களும் அப்படி எழவில்லை. அவை அச்சகத்துக்காரர் ஒருவர் விலைக்கு வாங்கிய டிடிபி மென்பொருளோடு வந்த எழுத்துருவில் இருந்தன. பல வருஷத்துக்கு முன் நான் தட்டச்சு செய்து கொடுக்க வசதியாக என் கணினியில் அவர் போட்டுக்கொடுத்தது. தேடிப் போனேன். கடையை மகனிடம் விட்டுவிட்டார். மூலையில் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "இதை மட்டும் நிறுத்த விடலைங்க, பழைய வேலையெல்லாம் இதுலதான் திறக்கும்" என்றார். எழுத்துருவை நகலெடுத்துத் தர அவருக்கு மனமில்லை. காசு கொடுத்து வாங்கியது, நியாயம்தான். என் ஃபைல்களை ஒவ்வொன்றாக அவர் கணினியிலேயே திறந்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தார். பிடிஎஃப் உள்ளேயே எழுத்துருவின் உருவத்தையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளும் என்பதால் அது எந்தக் கணினியிலும் திறக்கும். இரண்டு நாள் போய் உட்கார்ந்தேன். டீ அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

கோட்டையூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா அங்கேதான் பழைய புத்தகங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தார். 1994-ல் அந்தச் சேகரிப்பு சென்னைக்குப் போய் இன்றைக்கு ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. நூறு வருஷத்துத் தாளை அங்கே விரித்து வைத்துப் படிக்கிறார்கள். நான் 2012-ல் தட்டியது மூன்று நாளில் படிக்க முடியாமல் போயிற்று. என் தகப்பனார் எழுதிய பேரேடு பரணில் இருக்கிறது, கரையான் தின்றது போக மிச்சம் தெளிவாகத் தெரிகிறது.

பாமினி திரும்பி வந்ததோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். மருமகள் விடவில்லை. இன்னொரு தடவை துடைத்தால் மறுபடி இதே கதைதான், ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள் என்றாள். தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. நான் 15 வருஷம் தாமதம்.

மாற்றுவதற்கு என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஒருபுறம் பாமினியை ஒட்டினால் மறுபுறம் ஒருங்குறி வரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு முழுத் தாளையும் போடக் கூடாது. நான் போட்டேன். நகரத்தார் பெயருக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்தை விலாசம் என்போம். பட்டியலில் அதை ஆங்கிலத்தில்தான் அடித்திருந்தேன். கன்வர்ட்டருக்கு ஆங்கிலம் எது, தமிழ் எது என்று தெரியாது. ஆர்எம் என்று ஆங்கிலத்தில் இருந்த விலாசமெல்லாம் 'சுஆ' ஆகிவிட்டது. சிங்கப்பூர்க்காரர்களின் மின்னஞ்சல் முகவரியெல்லாம் யாரோ ஜன்னியில் உளறுகிற மாதிரி ஆயிற்று. நல்லவேளை, நகலில்தான் கை வைத்திருந்தேன். பிறகு பெயர் இருக்கும் பத்தியை மட்டும் தனியே எடுத்து மாற்றி, பழையபடி ஒட்டினேன். விலாசத்தையும் மின்னஞ்சலையும் தொடவில்லை. நான்கு மாலை வேலை.

அதில் ஒரு லாபமும் உண்டு. பாமினியில் இருந்தவரை அகரவரிசை என்பது எனக்குக் கிடையாது. வரிசைப்படுத்து என்றால் எக்செல் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்தைப் பார்த்து அடுக்கும். ஆங்கில ஈ-யில் இருக்கும் நாச்சியப்பன் முன்னால், எஃப்-பில் இருக்கும் கண்ணப்பன் அவருக்குப் பின்னால், ஜி-யில் இருக்கும் பழனியப்பன் அதற்கும் பின்னால். முத்தையாவுக்குப் பிறகுதான் அண்ணாமலை வருவார். 'அ' சின்ன எம், 'ஆ' பெரிய எம்; பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று எக்செல் பார்ப்பதில்லை என்பதால் 'அ'வும் 'ஆ'வும் கலந்து நிற்கும். 13 வருஷம் ஒரு பெயரைத் தேட மேலிருந்து கீழே கண்ணால் ஓட்டியிருக்கிறேன். இப்போது அண்ணாமலை முதலில் நிற்கிறார். விசையும் மாறவில்லை, என்.எச்.எம். ரைட்டரில் பாமினி விசை வரிசையிலேயே தட்டி ஒருங்குறியில் எழுத முடிகிறது. விரலுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

சின்னச் சின்னச் சங்கடங்கள் இன்னும் சில. வங்கிக்கு எழுதிய கடிதங்கள் ஏற்கெனவே ஒருங்குறியில், லதா எழுத்துருவில் இருந்தன. தெரிந்தன, ஆனால் ஒரு பக்கக் கடிதம் ஒன்றேகால் பக்கம் ஆனது. விண்டோஸ் 10-ல் லதா தானாக வருவதில்லை. அதன் இடத்தில் நிர்மலா உட்கார்ந்துவிடுகிறது. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய், தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்பதைச் சேர்த்தால் லதா வந்துவிடும். பிரிண்டருக்கு 64 பிட் டிரைவர் வேறு, 32 பிட் டிரைவர் வேறு, பழைய சி.டி.யில் இருந்தது உதவவில்லை, தயாரிப்பாளர் தளத்திலிருந்து எடுத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் 8 ஜிபி ரேம் போட்டும் மூன்றே சொச்சம்தான் காட்டுகிறது என்று புலம்பினார். அவர் கணினியில் ஏற்றியிருந்தது 32 பிட் விண்டோஸ், அதற்கு அவ்வளவுதான் எட்டும். மிச்ச ரேம் சும்மா கிடக்கிறது.

விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு நீட்டிப்பு உண்டு, அதற்குப் பதிவு செய்துகொண்டேன். அப்புறம் லினக்ஸ்தான் என்கிறாள் மருமகள். பட்டியல் ஒருங்குறியில் இருப்பதால் எனக்குக் கவலை இல்லை. எங்கே வேண்டுமானாலும் திறக்கும்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, சி டிரைவைத் துடைக்கும்முன் ஃபான்ட்ஸ் அடைவை ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள் என்று ஒரு வரி சேருங்கள். திரையின் அளவு என்ன, டிஸ்ப்ளே அடாப்டர் பெயர் என்ன என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைக்காரர்களும் ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்பதோடு, ஐயா தமிழில் எதில் தட்டுகிறீர்கள் என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கலாம். ஊர்ச் சங்கங்களிலும் பத்திர எழுத்தர்களிடமும் அச்சகங்களிலும் எத்தனை கணினிகளில் எத்தனை வகைப் பழைய எழுத்துருக்களில் எவ்வளவு கிடக்கிறதோ. தமிழ் இணையக் கல்விக்கழகம் தன் தளத்தில் ஒருங்குறி எழுத்துருக்களையும் விசைப்பலகை மென்பொருளையும் இலவசமாகக் கொடுக்கிறது. உரியவர்களிடம் அனுமதி வாங்கி, வழக்கொழிந்த எழுத்துருக்களையும் அதே இடத்தில் சேர்த்து வைத்தால், என்னைப் போல எக்ஸ்பி கணினியைத் தேடி யாரும் அலைய வேண்டியிருக்காது. உங்கள் நாளிதழ் எடுத்துச் சொன்னால் எடுபடும்.

கடிதத்தை வெட்டுவதானால் நான் புலம்பிய இடத்தை வெட்டிக்கொள்ளுங்கள், ஃபான்ட்ஸ் அடைவு இருக்கும் வரியை வெட்டிவிடாதீர்கள். பெயரைப் போட வேண்டாம். போட்டால் எந்த வீடு, எந்த ஆச்சி என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

இதை ஒருங்குறியில்தான் தட்டி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் அலுவலகக் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் சங்கடப்பட வேண்டாம். கையால் எழுதிய பிரதி ஒன்றும் இன்று மாலைத் தபாலில் வருகிறது.

இப்படிக்கு,
ஒரு கணக்குப்பிள்ளை,
பள்ளத்தூர் அருகில், சிவகங்கை மாவட்டம்